ஏணி சொன்ன சாட்சி

பட்டறைக்கு எதிர்ச்சுவரில் அந்தப் போஸ்டரை ஒட்டியவன் பசையைத் தாராளமாகவே அப்பியிருந்தான். கிழித்தாலும் வராது. ஏணி கிழித்துப் பார்த்தாள், நகம்தான் உடைந்தது.

ஏணி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆறடிக்கு மேல் இரண்டு விரல் வளர்ந்த பெண்ணைக் கூடைப்பந்து மைதானத்தில் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பதினாறு வயதில் ஒட்டிக்கொண்ட பெயர் ஐம்பத்திரண்டிலும் விட்டபாடில்லை. அவளுடைய முட்டி பெல்ட் பட்டறையில் வேலை செய்யும் பதினான்கு பேருக்கும் அவள் ஏணியக்காதான்.

போஸ்டரில் அவளுடைய இருபத்து மூன்று வயதுப் படம் இருந்தது. பதினொன்றாம் நம்பர் ஜெர்சி, இடுப்பில் இடுக்கிய பந்து, ஊரையே விலைக்கு வாங்கிவிட்டது போல ஒரு முகம். கீழே கொட்டை எழுத்தில்: 'இருபத்தொன்பது வருட முழங்கால் வேதனை நீங்கியது. பெல்ட்டைக் கழற்றி எறிந்த வீராங்கனை சாட்சி சொல்கிறார். ஞாயிறு காலை. அனைவரும் வருக.'

கட்டிங் மாஸ்டர் கத்தரியும் கையுமாக வெளியே வந்து பக்கத்தில் நின்றார். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து துணி வெட்டுகிறவர். அவளிடம் வாயடிக்கும் உரிமையை அவராகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

"எப்பக்கா எறிஞ்சீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"வாயை மூடுங்க மாஸ்டர்."

"நான் மூடிக்கிறேன். சுவர் மூடாதே."

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த நிமிடமும் அவள் வலது முட்டியில் பெல்ட் இருந்தது. புது மாடல். பழைய பெல்ட் கறுப்பாக, தடியாக, இரண்டு பக்கமும் எஃகுப் பட்டை வைத்தது, பேண்ட்டுக்கு மேலேதான் கட்ட முடியும். இது தோல் நிறத்தில், மெலிசாக, பேண்ட்டுக்குள்ளே போட்டால் இருக்கிற இடமே தெரியாது. புது மாடல் எதுவாக இருந்தாலும் அவள் முதலில் தன் காலில் நாற்பது நாள் போட்டுப் பார்ப்பாள். அந்த நாற்பது நாளும் மாஸ்டரைத் தவிர யாரிடமும் மூச்சு விடமாட்டாள். சொன்னால் எல்லாரும் 'அருமையா நடக்குறீங்கக்கா' என்று ஐஸ் வைப்பார்கள், உண்மை தெரியாது. அன்றைக்கு இருபத்து மூன்றாவது நாள்.

"நம்ம பெல்ட் வேலை செஞ்சிருக்கு. அதுக்கு பேரு அற்புதம்னு போட்டுட்டாங்க. விளம்பரம்னு வச்சுக்குங்க" என்றார் மாஸ்டர்.

ஏணி சிரிக்கவில்லை. யார் செய்த வேலை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சபைக் கூடத்தின் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் ஒரு சீட்டில் எழுதி அதில் போடவேண்டும், போதகர் படித்துப் பார்த்து மேடைக்குக் கூப்பிடுவார். அவள் பெயரில் சீட்டு எழுதிப் போடும் துணிச்சல் உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு.

தங்கை பள்ளிக்கூட டீச்சர். புருஷன் போனபிறகு அக்காவோடு வந்து தங்கி பதினைந்து வருஷமாகிறது. மாலையில் ஏணி வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"சீட்டு போட்டது நீதானே?"

"நீயா சொல்லுவேன்னு மூணு வாரமா பாத்தேன். கல்லு மாதிரி இருக்கே. அதான் நானே எழுதிட்டேன்." தங்கை எழுந்து வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "பாஸ்டர் உன் முட்டியில கை வச்சு ஜெபம் பண்ணாரே, அடுத்த நாள்ல இருந்து அந்தக் கறுப்பு பெல்ட் கதவு ஆணியிலேயே தொங்குது. மாடிப்படி ஏறுற, இறங்குற. நான் பாக்கலைன்னு நினைச்சியா? எத்தனை நாள் சாப்பிடாம இருந்து கேட்டிருப்பேன், உனக்குத் தெரியுமாக்கா?"

தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தங்கையின் தட்டு கவிழ்த்தே இருக்கும். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைத் தங்கையின் கல்யாணத்தன்றுகூட ஏணி பார்த்ததில்லை. ஏணி தன் பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டினாள். தோல் நிறப் பெல்ட் தெரிந்தது. தங்கை அதைப் பார்த்தாள், தொட்டாள், பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"புது மாடல்" என்றாள் ஏணி. "அன்னைக்குத்தான் தச்சு வந்துச்சு."

"பழக்கதோஷத்துல போட்டிருப்ப. அது இல்லாமலும் நடப்ப. கழட்டிட்டு நடந்து பாரு."

"கழட்டினா விழுந்துடுவேன்டி."

"விசுவாசம் இல்லாம பேசாத."

தங்கை திரும்பப் போய் நோட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். சிவப்புப் பேனா வெகுநேரம் ஒரே பக்கத்தில் நின்றது. ஏணிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது, ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

இந்த முட்டியின் கதையை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் கோபம் யாருக்கும் புரியாது. இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு இறுதி ஆட்டம். பாதி ஆட்டத்திலேயே வலது முட்டி வீங்கிவிட்டது. போட்டி நடத்தியவர்களின் டாக்டர் வந்து பெஞ்சில் உட்காரவைத்து அழுத்திப் பார்த்தார். கோச் பின்னால் நின்று, எக்கி அவள் தோளில் கை வைத்து, "வலி இல்லதானே?" என்று கேட்டார். கேட்கிற தோரணையிலேயே பதிலும் இருந்தது. அவளும் "இல்ல" என்று சொன்னாள். மூன்று நிமிடம் மீதி இருக்கும்போது வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கு எகிறினாள், பந்தைப் பிடித்தாள், இறங்கும்போது உள்ளே ஏதோ அறுந்தது. அந்தச் சத்தத்தை மூன்றாம் வரிசையில் இருந்த தங்கையும் கேட்டதாகச் சொல்வாள்.

அணி ஜெயித்தது. கோப்பை கோச்சுக்கு, முட்டி இவளுக்கு. ஆஸ்பத்திரிப் பக்கம் அந்த ஆள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கட்டிலில் கிடந்த மூன்று வாரமும் அவள் கடவுளைத் திட்டினாள். கொஞ்சநஞ்சத் திட்டு இல்லை, பக்கத்துக் கட்டில்காரி காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு. திட்டத் திட்டத்தான் ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கை அவளுக்கு வந்தது. இல்லாதவரை யாராவது மூச்சுப் பிடித்துத் திட்டுவார்களா? இன்றைக்கும் அவளுடைய ஜெபம் பாதி சண்டைதான்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பெல்ட் சாதாரணக் கால்களுக்கு அளவெடுத்தது. அவள் காலில் நாலு எட்டுக்குள் கணுக்காலுக்கு வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும். தங்கையின் பழைய பள்ளிப்பையின் வாரையும் சைக்கிள் டியூபையும் வெட்டித் தானே ஒன்று தைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து அணித் தோழி ஒருத்தி கேட்டாள், அவளைப் பார்த்து ஒரு தபால்காரர் கேட்டார். பட்டறை அப்படி வளர்ந்ததுதான். அவள் தனக்கென்று ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள்: இனிமேல் எவனுக்காகவும் 'வலி இல்லை' என்று சொல்வதில்லை.

சனிக்கிழமை காலை போதகரைப் பார்க்கப் போனாள். போதகர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிவிட்டு வந்திருப்பாள். பட்டறையை இடம் மாற்றியபோது ஒரு தையல் மெஷினைத் தன் தோளிலேயே தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறியவர் அவர். குள்ளமான, எப்போதும் வியர்க்கும் மனிதர். பெல்ட் விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போஸ்டர் நானூறு இடத்துல ஒட்டியாச்சு சிஸ்டர்."

"கிழிக்க முடியாது. பாத்துட்டேன்."

"உங்க பேரைக் கேட்டு சபைக்கே வராதவங்க வராங்க. எத்தனை பேர் மனசொடிஞ்சு வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்." நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒண்ணு கேக்குறேன். முன்னைவிட வலி குறைஞ்சிருக்கா இல்லையா?"

"குறைஞ்சிருக்கு. பெல்ட்டால."

"அந்த பெல்ட்டைத் தைக்க அறிவு குடுத்தது யாரு? குறைஞ்சிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. பொய்யில்லையே. மிச்சத்தை நான் பாத்துக்குறேன்."

ஏணி வாயைத் திறந்தாள். ஆனால் கண்ணுக்குள் தங்கையின் கவிழ்த்த தட்டு வந்து நின்றது. முப்பது வருஷத்துக்குப் பக்கமாக ஒருத்தி பட்டினி கிடந்து கேட்டதை மேடையில் வைத்து உடைக்க வேண்டுமா? வலி குறைந்தது உண்மைதானே.

"சரி. குறைஞ்சிருக்குன்னு சொல்றேன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். படியிறங்கும்போது வாய்க்குள் ஏதோ கசந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாததால் இருக்கும் என்று தன்னையே மழுப்பிக்கொண்டாள்.

மதியம் பட்டறை மூடுகிற நேரத்தில் பாட்டுக்காரம்மா வந்தார். சபைப் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவர், அறுபத்தைந்து வயது. இரண்டு முட்டியிலும் எலும்போடு எலும்பு உரசுகிறது. அடுத்த புதன்கிழமை வலது முட்டிக்கு ஆபரேஷன், அதுவரை பெல்ட் இல்லாமல் ஒரு எட்டு வைக்கக்கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்தார். அந்த இரண்டு பெல்ட்டையும் ஏணிதான் அளவெடுத்துக் கொடுத்திருந்தாள்.

பாட்டுக்காரம்மா சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்து மேஜை மேல் ஒரு பொட்டலத்தை வைத்தார். இரண்டு பெல்ட்டும் துவைத்து, காயவைத்து, அழகாக மடித்து இருந்தன.

"யாராவது இல்லாதவங்களுக்குக் குடுத்துடுங்க. எனக்கு இனிமே தேவைப்படாது."

"ஆபரேஷன்?"

"வேணாம்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலையும் வேற யாருக்கோ குடுக்கச் சொல்லிட்டேன். நாளைக்கு நீங்க சாட்சி சொல்லி முடிச்சதும் பாஸ்டர் எல்லாருக்கும் ஜெபம் பண்றாராம். உங்களுக்கே நடந்திருக்கு, எனக்கு நடக்காதா?"

 ஏணி பேண்ட்டைச் சுருட்டிப் புது பெல்ட்டைக் காட்டினாள். ஒன்றுக்கு இரண்டு தடவை, பொறுமையாக, ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். பாட்டுக்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கன்னத்தைத் தட்டினார்.

"எவ்வளவு தாழ்மை உங்களுக்கு. பெருமையடிக்கக் கூடாதுன்னு இப்படிச் சொல்றீங்க. நாளைக்கு மேடையில ஏறி உண்மையைச் சொல்லுங்க, என்ன?"

திரும்பிப் படியிறங்கினார். மூன்றாவது படியில் முட்டி மடங்கி, கைப்பிடியில் தொங்கி, சமாளித்து நின்றார். மாஸ்டர் ஓடிப்போய்த் தாங்கினார். 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, வலி இல்ல' என்று பாட்டுக்காரம்மா சிரித்தார்.

மாஸ்டர் மேலே வந்து பொட்டலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருடைய வாய் முதல் தடவையாக மூடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. சின்ன வயதிலிருந்தே 'உயரமா இருக்க, மறைக்குது, பின்னாடி போ' என்று கேட்டு வளர்ந்தவளை அன்றைக்கு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புதுத்துணி. மேடையில் பாட்டுக்குழு வெள்ளை அங்கியில் நின்றது. பாட்டுக்காரம்மா தன் நாற்காலிச் சாய்வைப் பிடித்துக்கொண்டு பாடினார். குரலில் பிசிறில்லை, முகம்தான் வெளுத்திருந்தது.

ஏணியைக் கூப்பிட்டார்கள். மைக் அவளுடைய நெஞ்சு உயரத்தில் இருந்தது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கைத்தட்டல் அடங்கவே நேரம் பிடித்தது. போதகர் உற்சாகத்தில் பக்கத்தில் வந்து, எக்கி அவள் தோளில் கை வைத்தார்.

"வலி இல்லதானே சிஸ்டர்? சபைக்குச் சொல்லுங்க."

அந்த மனிதருக்கு என்ன தெரியும், பாவம். தோளில் அந்தக் கையின் கனம் அவளுக்குப் பழக்கமானது. அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள்.

"வலிக்குது" என்றாள்.

கூடத்தில் யாரோ தட்டத் தொடங்கி நிறுத்தினார்கள்.

"நேத்தும் வலிச்சுது. இப்பவும் வலிக்குது. நான் எந்த பெல்ட்டையும் எறியல." குனிந்து பேண்ட்டை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டாள். "இதோ இருக்கு. மெலிசா தச்சிருக்கேன், அதனால வெளிய தெரியல. போஸ்டர்ல இருக்கிறது தப்பு. யாரும் வேணும்னு செய்யல, ஆனா தப்பு. நான் 'குறைஞ்சிருக்கு'ன்னு மட்டும் சொல்றதா பாஸ்டர்கிட்ட ஒத்துக்கிட்டேன். அது என் தப்பு."

போதகரின் கை தோளிலிருந்து இறங்கியது. ஓரத்தில் ஒலிபெருக்கி பார்த்துக்கொண்டிருந்தவரிடம் சபை மூப்பர் ஒருவர் சைகை காட்ட, மைக் செத்தது.

ஏணி செத்த மைக்கைப் பார்த்தாள். ஏழு வருஷம் ஆயிரக்கணக்கான பேர் கத்தும் அரங்கங்களில், மறுகோடியில் நிற்கும் தோழிக்குக் கேட்கும்படி கத்திக் கத்தி உரமேறிய தொண்டை அது. மைக்கைப் போதகர் கையில் பத்திரமாகக் கொடுத்தாள். அதன்பிறகு அவள் பேசியது வாசலில் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தவருக்குக்கூடக் கேட்டது.

"கடவுள் என் முட்டியைச் சரி பண்ணல. ஏன்னு இருபத்தொன்பது வருஷமா கேட்டுட்டு இருக்கேன். அவர் பதில் சொல்லல, நானும் விடல. அதுதான் என்கிட்ட இருக்கிற சாட்சி, வேற இல்ல. 'வலி இல்ல'ன்னு நான் ஒரே ஒரு தடவை அடுத்தவங்களுக்காகச் சொன்னேன், கால் போச்சு. என் தங்கச்சி எனக்காகப் பட்டினி கிடந்து கேட்டா. பொய் சொல்லி அதை நான் அசிங்கப்படுத்த மாட்டேன். நீங்களும் பெல்ட்டைக் கழட்டாதீங்க. ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டு வந்தவங்க, இப்பவே வெளிய போய் போன் பண்ணுங்க. கடவுள் கோவிச்சுக்க மாட்டார். கோவிச்சுக்கிட்டா என்கிட்ட அனுப்புங்க, அவர்கூட சண்டை போட்டு எனக்குப் பழக்கம்."

கடைசி வாக்கியத்துக்கு ஒருவர் சிரித்துவிட்டார், உடனே இருமி மறைத்தார்.  ஏணி பாட்டுக்குழு நிற்கும் பக்கம் நடந்து, பையிலிருந்து அந்த இரண்டு பெல்ட்டையும் எடுத்துப் பாட்டுக்காரம்மாவின் நாற்காலியில் வைத்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கண்கள் நிறைந்திருந்தன. அது கோபமா, அவமானமா, நிம்மதியா என்று சொல்வதற்கில்லை.

ஏணி மேடையை விட்டு இறங்கியபோது முன்வரிசையில் தங்கையின் இடம் காலியாக இருந்தது.

அந்த வாரம் தங்கை பேசவில்லை. சமைத்து வைத்தாள், நோட்டு திருத்தினாள், கதவைச் சாத்திக்கொண்டாள். சபையின் மூப்பர்கள் இரண்டு பேர் பட்டறைக்கு வந்து, மேடையின் மரியாதை கெட்டுவிட்டது, கொஞ்ச நாள் பின்வரிசையில் உட்காருவது எல்லாருக்கும் நல்லது என்று மென்மையாகச் சொன்னார்கள். எத்தனை நாள் என்று அவள் கேட்டதும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். போதகர் வரவில்லை. எதிர்ச்சுவரில் யாரோ இரவோடு இரவாக அவள் படத்தின் மேல் தார் பூசிவிட்டுப் போயிருந்தார்கள்.

"இப்பதான் பாக்க லட்சணமா இருக்கீங்க" என்றார் மாஸ்டர். ஏணி அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் மெலிசுப் பெல்ட்டைப் போடவில்லை. கதவு ஆணியில் தொங்கிய பழைய கறுப்பு பெல்ட்டை எடுத்து, பேண்ட்டுக்கு மேலே, நாலு வாரையும் இறுக்கிக் கட்டினாள். ஊரே பார்க்கட்டும். வாசலில் நின்றவர் தயங்கித் தயங்கிப் பின்வரிசையைக் கை காட்டினார்.

"அண்ணே, இது உங்க வீடா?"

"இல்லம்மா."

"என் வீடும் இல்ல. வீட்டுக்காரர் வந்து சொல்லட்டும்."

எஃகுப் பட்டை டக் டக்கென்று அடிக்க நடுவழியே நடந்து முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன.  பாட்டுக்குழுவில் பாட்டுக்காரம்மாவின் இடம் காலி. அவர் புதன்கிழமை போனாரா, வீட்டிலேயே கிடக்கிறாரா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளும் யாரைக் கேட்பது?

போதகர் மேடைக்கு வந்தார். அவளைப் பார்த்தார், கழுத்தைத் துடைத்துக்கொண்டார். காகிதத்தைப் பிரித்து அறிவிப்புகளைப் படித்தார். நாலாவதாக, நமது பாட்டுக்குழு அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அவருக்காக ஜெபிப்போம் என்று படித்தார். படித்துவிட்டு, காகிதத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தையும் சேர்த்தார். "பெல்ட் போட்டிருக்கிறவங்க யாரும் கழட்டாதீங்க." அதற்குமேல் அவரால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. "எல்லாரும் முழங்கால் போடுவோம்."

கூடம் முழுக்க நாற்காலிகள் நகர்ந்தன. எல்லாரும் தரையில் இறங்கினார்கள். மடங்காத முட்டியோடு ஏணி ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள். ஆறடிக்கு மேல் இரண்டு விரல், மறைக்க ஒருவருமில்லை. கண்ணை மூடிக்கொண்டு, 'சரி, எங்கே விட்டோம்' என்று வழக்கமான சண்டையைத் தொடங்கினாள்.

பக்கத்தில் யாரோ வந்து நிற்கும் அரவம் கேட்டது. தங்கை. பின்வரிசையிலிருந்து, முழங்காலில் இருந்தவர்களைத் தாண்டித் தாண்டி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. அவள் மண்டியிடவில்லை. நேராக மேடையைப் பார்த்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குதுடி."

"சரி" என்று சொல்லிவிட்டு, தங்கை அவள் கையைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள்.